சபையில் மூண்ட பூசல்
(சூளூர்பேட்டைத் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கலைஞர்களிடையே மூளும் பூசல் குறித்துப் பேசுமாறு செயலாளர் பணித்தார். மெட்ரிகுலேஷனோடு கல்வியை நிறுத்தி, ரயில்வேயில் பேரேடு எழுதிவரும் நமக்கு இசை இலக்கணம் தெரியாது. ஆயினும் பாட்டுக் கேட்கும் செவி உண்டு. பூசலிட்டு வருந்திய அனுபவமும் உண்டு. அவ்விரண்டையும் துணைக்கொண்டே பேச வந்தோம்.

நம் ஊர் வழியே செல்லும் இதே இருப்புப்பாதையில் வடக்கே இருப்பது நெல்லூர். அங்கு ஹரிகதை நிகழ்த்திவந்த சாம்பமூர்த்தி அவர்களின் மைந்தரே எஸ். பி. பாலசுப்பிரமணியம். அவர் மெல்லிசைக் குழு நடத்திய நாளில், இளையராஜாவும் அவர்தம் சகோதரர்களும் அக்குழுவில் வாசித்தனர். 1976-இல் இளையராஜா திரை இசையமைப்பாளரானார். பின்னர் ஒருவர் இசையமைக்க மற்றவர் பாட, அப்பாடல்கள் ஒலிக்காத தமிழ் இல்லமே இல்லை என்றாயிற்று.

அத்தகைய நண்பர்களிடையே 2017 மார்ச்சில் பூசல் மூண்டது. பாலசுப்பிரமணியம் தம் இசைவாழ்வின் 50 ஆண்டு நிறைவையொட்டி அமெரிக்காவில் பாடிவந்தபோது, அனுமதியின்றித் தம் பாடல்களை மேடையில் பாடலாகாதென இளையராஜாவின் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். பாடகர் சட்டத்துக்குப் பணிந்தார். இனி அப்பாடல்களைப் பாடுவதில்லை என அறிவித்தார். கடுஞ்சொற்களால் விவாதிக்க வேண்டாமென ரசிகர்களையும் வேண்டிக்கொண்டார்.

எவர் பக்கம் நியாயம்? பாடலைப் படைத்தவர்க்கு அதன்மேல் உரிமை உண்டு; 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தமும் அவ்வுரிமைக்கு வலுவூட்டியது. ஆனால் நண்பரிடம் தொலைபேசியில் கூறியிருக்கலாகாதா என்று கேட்போரையும் குறை கூற இயலாது. இருவருக்கும் இடையே இருந்தது இவ்வளவே. ஊரார் மூட்டிய ஆரவாரமோ இதனினும் பெரிது. அவர்கள் கூடிப் படைத்த பாடல்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத வாய்களெல்லாம் அந்த ஓர் அறிவிப்பைப் பற்றி ஓயாது பேசின.

2019-இல் அவர்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். அவ்வாண்டு ஜூன் 2-ஆம் நாள், சென்னையில் இளையராஜாவின் பிறந்தநாள் இசைவிழாவில் மக்கள் முன்னிலையில் பாலசுப்பிரமணியம் பாடினார். மறு ஆண்டு கொரோனா நோயுற்று அவர் மருத்துவமனையில் கிடந்தபோது, எழுந்துவருமாறு இளையராஜா உருகி அழைத்தார். ஆயினும் 2020 செப்டம்பர் 25-இல் அக்குரல் ஓய்ந்தது. முந்தைய ஆண்டின் தழுவல் நிகழ்ந்திராவிடில், எஞ்சியவர் நெஞ்சில் எத்துணைப் பாரம் இருந்திருக்கும்!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களான ஷக்கீல் ஓ'நீலும் கோபி பிரயண்டும் ஒரே அணியில் ஆடி 2000, 2001, 2002 ஆகிய மூன்றாண்டும் வாகை சூடியவர்கள். பத்திரிகைகள் வாயிலாக ஒருவரையொருவர் ஏசி, 2004-இல் பிரிந்தனர். 2017 மார்ச்சில் ஓ'நீலின் சிலைத் திறப்பு விழாவிற்கு வந்து பிரயண்ட் வாழ்த்திப் பேசினார். 2020 ஜனவரியில் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் மாண்டார்.

இவ்விரு கதைகளிலும் நாம் கண்டது ஒன்று: பூசல் ஊரறிய நிகழ்ந்தது, இணக்கமும் ஊரறியவே நிகழ்ந்தது. நாமோ சபையில் ஏசிவிட்டு, திண்ணையில் மன்னிப்புக் கேட்கிறோம்.

இதனைக் கூறும் நாமே அத்தவற்றைச் செய்தோம். ஈராண்டுகட்கு முன் இதே விழாவின் ஒத்திகையில், குழந்தைகட்குப் பாட்டுப் பயிற்றிவந்த பெரியவர் ஒருவரை, சுருதி சேரவில்லையென எல்லார் முன்னும் கடிந்தோம். மறுநாள் அவர் இல்லம் சென்று வருந்தினோம். "போகட்டும் தம்பி, காப்பி சாப்பிடுங்கள்" என்றார். ஆனால் அதன்பின் அவர் பாட்டுப் பயிற்ற வரவில்லை. காரணம் நமக்கு நெடுநாள் விளங்கவில்லை. அவர் மனம் புண்பட்டது குழந்தைகளின் முன்பு. நாம் மருந்திட்டதோ ஒருவரும் காணாத இடத்தில்.

தாமதமாய் வரும் வண்டியிலும் பயணி ஏறிக்கொள்ளலாம். ரத்தான வண்டியில் ஏற இயலாது என்பது நம் தொழில் கற்பித்த பாடம். அப்பெரியவர் இன்று கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐயா, அன்று நாம் பேசியது தவறு. இக்குழந்தைகளின் முன்னிலையில் தங்களிடம் மன்னிப்பு வேண்டுகிறோம். அடுத்த ஞாயிறன்று குழந்தைகள் தங்களுக்காகக் காத்திருப்பார்கள். ஹார்மோனியத்தைத் துடைத்துவைப்பது நம் பொறுப்பு.