குடிமைச் சமூக அமைப்பு என்பது யாது?

(அலுவலர்களும் முதுகலை மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



‘குடிமைச் சமூக அமைப்பு’ என்னும் சொற்றொடர் இன்று அரசாணைகளிலும் ஆய்வேடுகளிலும் தாராளமாகப் புழங்குகிறது. பொருள் கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: அரசைச் சாராதது, இலாப நோக்கமற்றது, தன்னார்வத்தால் இயங்குவது. இம்மூன்றில் இரண்டு, ‘இன்னது அன்று’ என்றுதான் சொல்கின்றன. இன்னது என்று சொல்லவில்லை.

சிந்தனையாளர்களிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை. ஹெகல், 1821-ஆம் ஆண்டு நூலில், குடும்பத்திற்கும் அரசுக்கும் இடைப்பட்ட களத்தைக் குடிமைச் சமூகம் என்றார். சந்தையும் தொழிற்குழுக்களும் அதனுள் அடங்கும். கிராம்சியோ, சிறைக் குறிப்பேடுகளில், பள்ளியையும் திருச்சபையையும் செய்தித்தாளையும் அங்கே வைத்தார்; ஆள்வோர் மக்களின் இசைவைப் பெறுவது அக்களத்தில்தான் என்பது அவர் கருத்து. சந்தையை வெளியே நிறுத்தும் வழக்கம் பின்னர் வலுப்பெற்றதாகும்.

இது வெறும் ஏட்டு வாதமன்று. அகமதாபாத் துணிச் சந்தையில் தலைச்சுமை தூக்கிய பெண்களும் பழந்துணி விற்ற பெண்களும் 1971-இல் எலா பட் அவர்களின் முயற்சியால் ஒன்றுகூடினர். ‘சேவா’ என்னும் தங்கள் சங்கத்தைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யக் கோரியபோது, தொழிலாளர் துறை முதலில் மறுத்தது. முதலாளியே இல்லாதபோது யாரை எதிர்த்துச் சங்கம் என்பது வினா. சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டுமன்று, உழைப்போர் தமக்குள் ஒன்றுபடுவதற்கும்தான் என்று பெண்கள் தரப்பில் வாதிடப்பட்டது. அன்று நடைமுறையில் இருந்த 1926-ஆம் ஆண்டுச் சட்டமே, தொழிலாளருக்கும் தொழிலாளருக்கும் இடையிலான உறவை முறைப்படுத்தும் கூட்டையும் தொழிற்சங்கம் என ஏற்றிருந்தது. விதியைவிடப் பழக்கம் வலியது போலும்! 1972 ஏப்ரலில் பதிவு கிடைத்தது.

1974-இல் ஏறத்தாழ 4,000 பெண்கள் தலா 10 ரூபாய் பங்கு செலுத்திக் கூட்டுறவு வங்கி ஒன்றையும் தொடங்கினர். மேற்சொன்ன மூன்று அடையாளங்களைக் கொண்டு அளந்தால், பங்குத்தொகையும் வட்டியும் உடைய இவ்வங்கி எப்பக்கம் சேரும்? ஹெகலின் வகுப்பில் இவ்விடர் எழாது. உறுப்பினரின் பிழைப்பும் அவர்களது உரிமைக்குரலும் அங்கே ஒரே களத்தில் நிற்கின்றன. பழைய இலக்கணமே இங்கு நமக்குக் கூடுதலாகப் பயன்படுகிறது என்பது என் துணிபு.

பதிவுச் சான்று மட்டுமே அடையாளம் என்று கருதும் அலுவலர்களுக்கு ஒன்று கூறுவேன். 2007-ஆம் ஆண்டின் தன்னார்வத் துறைக்கான தேசியக் கொள்கை, வரையறுத்த நோக்கங்களையுடைய முறைசாராக் குழுக்களையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்தது.

பார்த்தா சாட்டர்ஜி 2004-இல் வெளியிட்ட நூலில் வேறொரு தடையை எழுப்புகிறார். கல்கத்தாவின் இருப்புப்பாதை ஓரக் குடிசைவாசிகளைச் சான்றாகக் காட்டி, இத்தகையோர் குடிமைச் சமூகத்தில் அல்லாது ‘அரசியல் சமூகத்தில்’ வாழ்கின்றனர் என்கிறார். இப்பிரிவினையை நான் முழுமையாக ஏற்பதற்கில்லை. நடைபாதையில் இடம் கேட்டுப் போராடிய அதே பெண்கள்தாம் சட்டப்படி பதிவு கோரினர், வங்கியும் நடத்தினர். அவர்களை எந்தப் பெட்டியில் அடைப்பது என்பதை, வினா நேரத்தில் மாணவ நண்பர்கள் என்னிடம் வாதிடலாம்.