“அழித்துவிட்டார்களே, தம்பி!”

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் இணையத்தில் தமிழ் எப்படி வளர வேண்டும் என்று பெரிய அளவில் பேசினார்கள். நான் ஒரே ஒரு மனிதரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். பேரா மாநிலத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர். அந்தத் தோட்டம் இன்று இல்லை. விற்கப்பட்டு, லயத்து வீடுகள் இடிக்கப்பட்டு, அங்கே வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. பள்ளி மட்டும் பெயரைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டது.

ஒரு நாள் இரவு எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, விக்கிப்பீடியாவில் நம் பள்ளியைப் பற்றி மூன்றே வரி இருக்கிறது. தொடங்கிய ஆண்டும் தவறு. நான் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு எழுதிப் போட்டேன். அரை மணி நேரத்தில் அழித்துவிட்டார்களே!” என்றார். குரலில் கோபம் இருந்தது. அதைவிட அவமானம் அதிகம் இருந்தது. ஆயிரம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தைத் திருத்தியவர் அல்லவா? முகம் தெரியாத யாரோ அவருடைய எழுத்தைத் திருத்திவிட்டார்கள்.

விக்கிப்பீடியாவை அறியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் 2001 ஜனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கிய இணையக் கலைக்களஞ்சியம் இது. தமிழில் 2003-இல் தொடங்கியது. 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. இதற்கு முன்பும் தமிழில் கலைக்களஞ்சியம் உண்டு. பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. அதில் ஒரு பிழை இருந்தால் மறுபதிப்பு வரும்வரை அது அப்படியேதான் இருக்கும். இங்கே படிப்பவரே ‘தொகு’ என்ற சொல்லை அழுத்தித் திருத்தலாம். ஆனால் நம்மவர்களில் எத்தனை பேர் அந்தச் சொல்லை அழுத்திப் பார்த்திருக்கிறோம்? அழுத்திய ஒருவருக்கும் இப்படி ஆகிவிட்டது.

சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். போனதும் நான் செய்த முதல் தவறு, விதிகளையெல்லாம் ஒப்பிக்கத் தொடங்கியது. நடுநிலை, காப்புரிமை, கலைக்களஞ்சிய நடை என்று கால் மணி நேரம் பேசினேன். ஐயா கோப்பியைக் குடித்துவிட்டு, “நான் எழுதியது போனது போனதுதானா?” என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. கட்டுரையின் ‘வரலாறு’ பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அவர் எழுதியது ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் அங்கே இருந்தது. பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என்று திரையில் தெரிந்தது. விக்கிப்பீடியாவில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் நீக்கினாலும் முந்தைய வடிவம் பொதுவாக அங்கேயே இருக்கும். புதிதாக வருபவருக்கு முதலில் காட்ட வேண்டியது இதைத்தான். பயம் போன பிறகுதான் விதிகள் காதில் ஏறும்.

நீக்கியவர் காரணமாக ‘சான்று இல்லை’ என்று இரண்டே சொற்கள் எழுதியிருந்தார். புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்று விக்கிப்பீடியாவிலேயே ஒரு வழிகாட்டல் உண்டு. இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதியிருந்தால் என்ன குறைந்துபோகும் என்று எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அவரும் சம்பளம் வாங்காத தொண்டர். தம் கடையையும் தம் தலைவரையும் புகழ்ந்து எழுதுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவர். கணக்குத் தொடங்காமல் எழுதிய ஒருவரை ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று அவர் எப்படி அறிவார்?

நீக்கப்பட்ட பகுதியை இருவரும் சேர்ந்து படித்தோம். ‘நாட்டிலேயே தலைசிறந்த பள்ளி’, ‘தெய்வத்துக்கு நிகரான தலைமையாசிரியர்’ என்று இருந்தது. ஐயாவே சிரித்துவிட்டார். “மாணவன் இப்படிக் கட்டுரை எழுதினால் நானே அடித்திருப்பேன்” என்றார்.

“தொடங்கிய ஆண்டு உங்களுக்கு எப்படித் தெரியும், ஐயா?” என்று கேட்டேன். “என் அப்பா சொன்னார்” என்றார். நமக்கு அது போதும். டொராண்டோவிலோ யாழ்ப்பாணத்திலோ படிக்கிறவர் அதை எப்படிச் சரிபார்ப்பார்? 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதைக் கணக்கில் கொண்டு 2016-இல் நாம் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். எழுத்தில் இருந்ததால்தானே அது முடிந்தது? தோட்டப் பள்ளிகளில் பலவற்றின் கதை வாய்மொழியாகவே இருக்கிறது. சொன்னவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஐயா எழுந்து அலமாரியைத் திறந்தார். அடியிலிருந்து பள்ளியின் பொன்விழா மலரை எடுத்தார். ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது. உள்ளே பள்ளி தோன்றிய வரலாறு ஆண்டு, மாதத்தோடு இருந்தது. ஒரு நாளிதழின் நறுக்கும் இருந்தது. “இது போதுமா தம்பி?” என்றார். பள்ளியே வெளியிட்ட மலரை வைத்துப் புகழ் பாட முடியாது; ஆண்டையும் பெயரையும் சொல்லலாம். நாளிதழ்ச் செய்தி இன்னும் வலுவானது. நாம் பழைய பேப்பர்க்காரருக்குக் கிலோக் கணக்கில் போடுகிறோமே, அது!

அதன் பிறகு கணக்குத் தொடங்கி, ‘மணல்தொட்டி’க்குப் போனோம். எழுதிப் பழகுவதற்கென்றே உள்ள பக்கம் அது. பெயரைக் கேட்டதும் ஐயா முகம் மலர்ந்தது. அவர் ‘அ’ எழுதிப் பழகியதும் மணலில்தானாம்.

இங்கே நான் ஒரு முடிவு செய்தேன். மவுஸைத் தொடுவதில்லை. நான் வாங்கிச் செய்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும், ஐயா பார்வையாளராகிவிடுவார். கைப்பேசியில் செல்லினத்தில் தட்டிப் பழகிய விரல்கள் கணினி விசைப்பலகையில் தடுமாறின. முதல் வாக்கியத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மேற்கோள் சேர்க்கும் இடத்தில் மலரின் பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றையும் போட்டார். பக்க எண் வேண்டும் என்பதில் என்னைவிட அவர் பிடிவாதம் பிடித்தார். சேமிப்பதற்கு முன் என்ன மாற்றினோம் என்று குறிப்பு எழுதும் கட்டத்தையும் நிரப்பினார். ஒரு பக்கமாக இருந்தது ஏழு வாக்கியமாகச் சுருங்கியது.

ஓர் ஏமாற்றமும் உண்டு. மலரில் பழைய பள்ளிக் கட்டடத்தின் படம் ஒன்று இருக்கிறது. எடுத்தவர் யார், எப்போது எடுத்தார் என்பது தெரியாததால் அதை ஏற்ற முடியவில்லை. கட்டடமும் இல்லை, புதிதாகப் படம் எடுக்க வழியும் இல்லை. அந்தப் படம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

கடைசியாக, நீக்கியவருக்கு உரையாடல் பக்கத்தில் ஒரு செய்தி எழுதச் சொன்னேன். “அன்புத் தம்பிக்கு” என்று தொடங்கி, மலரைப் பற்றிச் சொல்லி, கட்டுரையைப் பார்க்கும்படி கேட்டிருந்தார். மறுநாள் பதில் வந்தது. “ஐயா, நான் தம்பி அல்ல, தங்கை. அன்று விளக்கமாக எழுதியிருக்க வேண்டும், மன்னிக்கவும்” என்று இருந்தது. இரண்டு ஒற்றுப்பிழையையும் அவர் திருத்தியிருந்தார். ஐயாவுக்கு ஒற்றுப்பிழை! அதை மட்டும் நான் வெளியே சொல்லக்கூடாதென்று கேட்டுக்கொண்டார், சொல்லிவிட்டேன்.

இப்போது அவருக்குச் சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுவதில்லை. ‘ஒத்தாசைப் பக்கம்’ என்றே ஓர் இடம் இருக்கிறது, அங்கே கேட்கிறார். வருகிற சனிக்கிழமை அவருடைய நண்பர், பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர், ஒரு பழைய கோவிலின் குடமுழுக்கு மலரோடு வருகிறாராம். நானும் வரட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம் தம்பி, நானே சொல்லிக்கொடுத்துவிடுவேன்” என்றார். மவுஸைத் தொடாதீர்கள் என்று மட்டும் நினைவூட்டினேன்.