ஊமையான வால்வு ஆம்ப்ளிபையர்



வால்வு ரேடியோ வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். குமிழைத் திருகியவுடன் அது பேசிவிடாது. முதலில் உள்ளே செந்நிறமாக ஒரு மங்கல் ஒளி தோன்றும். முகப்பிலுள்ள பச்சைக் கண் விழிக்கும். பிறகுதான், எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் குரல் மெல்ல எழும். டிரான்ஸிஸ்டர் வந்தபின் அந்த ரேடியோக்கள் பரணுக்குப் போயின. ஆயினும் வால்வு மறைந்துவிடவில்லை. மின்சாரக் கிதார் வாசிப்போர் அதனை விடவில்லை. வால்வைச் சற்று மிகையாக உழைக்கவைத்தால் கம்பியின் நாதம் கனத்து, ஓரங்களில் மெல்ல முறிகிறது. அந்த நாதத்திற்காகவே ருஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் இன்னமும் வால்வு செய்கிறார்கள்.

மும்பையிலும் புனேயிலும் தில்லியிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் சிலர், சில மாதச் சம்பளத்தைச் சேர்த்து இத்தகைய ஆம்ப்ளிபையர் ஒன்றை வாங்குகிறார்கள். உத்தரவாதக் காலம் முடியுமுன்பே ஒருநாள் அது ஊமையாகிவிடுகிறது. விளக்கு எரிகிறது, ஓசை இல்லை. அப்போது செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதே இன்றைய பேச்சு.

தகாததை முதலில் சொல்லிவிடுவோம். பெட்டியின் உட்கூட்டைத் திறத்தல் கூடாது. உத்தரவாதம் போய்விடும் என்பது ஒரு காரணம். உயிர் போய்விடலாம் என்பது பெரிய காரணம். வால்வுகளுக்கு ஊட்டப்படும் மின்னழுத்தம் 300 முதல் 500 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் உள்ளிருக்கும் கண்டென்ஸர்கள் அதனைத் தேக்கிவைத்திருக்கும். பழைய ரேடியோவைப் பழுது பார்த்த மாமா சொல்லித்தந்தார் என்ற துணிவு இங்கே உதவாது.

இன்னொன்று. டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிபையரிலிருந்து இதற்கு வருவோர் பெரும்பாலும் அறியாதது இது: ஸ்பீக்கர் இணைக்கப்படாமல் வால்வு ஆம்ப்ளிபையரை ஓட்டலாகாது. அவ்வாறு ஓட்டி வாசித்தால் உள்ளிருக்கும் வெளியீட்டு டிரான்ஸ்பார்மரே கருகிப்போகலாம். பெட்டியிலேயே விலை மிக்க உறுப்புகளுள் அது ஒன்று. ஆகவே எந்தச் சோதனைக்கும் முன்பு பின்புறம் சென்று, ஸ்பீக்கரின் கம்பி தன் துளையில் முற்றிலும் பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பல வேளைகளில் நோயே அங்குதான் இருக்கும். வீடு மாற்றும்போது சுமைதூக்குவோர் கை பட்டுக் கழன்றிருக்கும்.

இனி, வெளியிலிருந்தபடியே எவ்வளவு அறியலாம் என்று பார்ப்போம். நிறையவே அறியலாம்.

விளக்கே எரியவில்லையெனில் சுவரிலுள்ள பிளக்கையும் மின்கம்பியையும் பாருங்கள். பிறகு, கம்பி நுழையும் இடத்தருகே வெளியிலிருந்து கழற்றும்படி அமைந்துள்ள பியூஸைப் பாருங்கள். அது எரிந்திருந்தால் அதே அளவும் அதே வகையும் கொண்ட புதியதை ஒரே ஒரு முறை போடலாம். அதுவும் எரிந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெரிய பியூஸைப் போடுவதும், வெள்ளித்தாளைச் சுற்றுவதும் நோயாளியின் வாயை அடைத்து நோயை மறைப்பதற்கு ஒப்பாகும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டியாயின் அது 120 வோல்ட்டுக்கு மட்டும் அமைக்கப்பட்டதா என்று பின்தகட்டில் படியுங்கள். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். தவிர, அங்கே தரப்பட்ட உத்தரவாதம் பெரும்பாலும் இங்கே செல்லாது.

விளக்கு எரிகிறது என்றால், ஸ்டாண்ட்பை சுவிட்சு இருப்பின் அதனையும் போட்டு ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். பிறகு அறையை இருட்டாக்கிப் பின்புறச் சல்லடை வழியே நோக்குங்கள். ஒவ்வொரு வால்விலும் இழை மங்கலாகச் சிவந்திருத்தல் வேண்டும். தகரக் குப்பி மூடிய சிறு வால்வுகள் மட்டும் கண்ணுக்குத் தெரியமாட்டா. ஒன்று இருண்டிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றின் உச்சியில் வெள்ளிபோல் பளபளக்க வேண்டிய பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் கண்ணாடி கீறி உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது என்று பொருள். இழை அன்றி, பெரிய வால்வின் உட்தகடே பழுக்கக் காய்ச்சிய இரும்புபோல் சிவந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது காதின் வேலை. கிதாரை இணைக்காமல், ஒலியளவுக் குமிழைச் சற்றே உயர்த்தி, ஸ்பீக்கரருகே கேளுங்கள். மெல்லிய இரைச்சலேனும் கேட்டால் ஸ்பீக்கரும் இறுதிப் பகுதியும் உயிரோடு இருக்கின்றன. குறை முன்பகுதியிலோ கிதாரிலோ இருக்கலாம். கிதாரை வேறொரு கம்பியால் நேரே பெட்டியில் சொருகுங்கள். நடுவே இருக்கும் பெடல்களை அகற்றிவிடுங்கள். சுருதி சேர்க்கும் பெடல், சேர்க்கும் வேளையில் ஓசையை நிறுத்திவைப்பது அதன் இயல்பே. கிதாரினுள் 9 வோல்ட் பாட்டரி இருந்தால் அதனையும் மாற்றிப் பாருங்கள்.

அப்படியும் பேசவில்லையெனில் பெட்டியின் பின்புறம் 'ஸெண்ட்', 'ரிட்டர்ன்' என்று இரு துளைகள் இருக்கின்றனவா பாருங்கள். வெளிக் கருவிகளை நடுவில் இணைப்பதற்காக அமைந்தவை இவை. ஒன்றும் இணைக்காத போது ஓசை, ரிட்டர்ன் துளையினுள் உள்ள ஒரு சிறு தகட்டுத் தொடுப்பின் வழியாகவே செல்வது பல பெட்டிகளின் அமைப்பு. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அத்தகடு மாசு படிந்தால் பெட்டி ஊமையாகிவிடும். ஒரு சிறு கிதார்க் கம்பியால் இரண்டு துளைகளையும் இணைத்ததும் ஓசை வந்தால் குறை இன்னதெனத் தெரிந்துவிட்டது. நாம் அறிந்த ஒரு வீட்டில், இரண்டு வாரம் துக்கம் கொண்டாடிய பிறகு இப்படித்தான் அது வாய் திறந்தது. கிதாரை நேரே ரிட்டர்னில் சொருகிப் பார்த்தால் இறுதிப் பகுதி வேலை செய்கிறதா என்பதும் விளங்கும்.

இரைச்சலும் இல்லை, முற்றிலும் மௌனம் என்றால் ஸ்பீக்கரை ஐயுறலாம். மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஸ்பீக்கர்க் கம்பியைக் கழற்றுங்கள். ஒன்றரை வோல்ட் டார்ச் பாட்டரியின் இரு முனைகளையும் அக்கம்பி முனையின் நுனியிலும் தண்டிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'டப்' என்ற சத்தம் எழுந்தால் ஸ்பீக்கர் நலமே. மறவாமல் கம்பியை மீண்டும் சொருகிவிடுங்கள். வால்வுகள் ஒளிர்கின்றன, ஸ்பீக்கரும் நலம், ஆயினும் மௌனம் என்றால், குறை பெரும்பாலும் உயர் அழுத்தப் பகுதியிலோ இறுதி வால்வுகளிலோ இருக்கும். அது நம் வேலை அன்று.

வால்வை மாற்றிப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். உத்தரவாதச் சீட்டைப் படிக்காமல் வேண்டாம். பெட்டிக்கு ஆண்டுக்கணக்கில் பொறுப்பேற்கும் பல உற்பத்தியாளர்கள் வால்வுக்கு 90 நாள்தான் பொறுப்பேற்கிறார்கள். வால்வை மாற்ற வாங்கியவரை அனுமதிப்போரும் உண்டு, அனுமதியாதோரும் உண்டு. எழுத்தில் கேட்டுப் பதில் பெற்றபின் கை வைப்பதே முறை.

நம்மவர் வெளிமாநிலத்தில் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். கடைக்குத் தூக்கிச் சென்று "பந்த் ஹை" என்று இரண்டு சொல் சொல்லி விட்டுவருகிறோம். பழுது பார்ப்பவருக்கு அது எதையும் சொல்லாது. அருகிலுள்ள ரேடியோக்காரர் ஒருவர் நல்ல மனத்தோடு, "அரை மணியில் பார்த்துத் தருகிறேன்" என்று முத்திரையை உடைத்துவிட்டாலோ, விற்றவர் கைவிரிப்பதற்குக் காரணம் கிடைத்துவிடும். எனவே மேற்சொன்ன சோதனைகளின் முடிவை ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: "விளக்கு எரிகிறது. நான்கு வால்வும் ஒளிர்கின்றன. இரைச்சல் இல்லை. ஸ்பீக்கர் பாட்டரிக்குப் பேசுகிறது. பெட்டி திறக்கப்படவில்லை." இதனை ஆங்கிலத்திலோ அவ்வூர் மொழியிலோ எழுதிவாங்கி, வரிசை எண்ணையும் வாங்கிய தேதியையும் சேர்த்து, விற்றவருக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். ஐந்து வரிதான், ஆனால் குறை எங்கே என்ற வாதத்தை அது பாதியாகக் குறைத்துவிடும்.

விற்றவர் வேறு ஊரில் இருந்து, கடிதங்களுக்கு அசைந்து கொடுக்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதில் தமிழிலும் பேசலாம். அதற்கும் மேல், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு ஒரு வசதி செய்திருக்கிறது. விற்றவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு முறையீட்டுக் கட்டணம் இல்லை. வழக்குக்குக் காரணம் ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் முறையிட வேண்டும். பில்லின் பிரதியும், நாம் எழுதிய அந்தச் சீட்டும், பெற்றுக்கொண்ட அத்தாட்சியும் அப்போது கையில் இருத்தல் வேண்டும்.