மாய வாளுக்கு என்ன விலை?

(நம் சமூகக் கூடத்தில் நடந்த விளையாட்டு மாலையில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சனிக்கிழமைகளில் நம் பிள்ளைகள் இங்கே பகடை உருட்டி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி, 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக ஆடுவார்கள். குகைக்குள் போய் வென்றால் தங்கக் காசு கிடைக்கும், சில நேரம் மாயப் பொருளும் கிடைக்கும்.

சென்ற மாதம் ஒரு பையன், எல்லோரும் சேர்ந்து வென்ற மாயக் கேடயத்தை யாரையும் கேட்காமல் விற்று, தனக்கு ஒரு வில் வாங்கிக்கொண்டான். மறுவாரம் இரண்டு பேர் ஆட வரவில்லை. அதனால்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

மாயப் பொருளைக் கடையில் விற்கலாமா? விளையாட்டின் விதிகளே இதில் மாறி மாறி வந்திருக்கின்றன. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு, பொருள்களுக்கு விலைப் பட்டியலே போட்டது. சாதாரண மாய நீள்வாள் 2,315 தங்கக் காசு; விற்றால் பாதி. கணக்கு தெளிவாக இருந்தது. ஆனால் எந்த அதிசயம் கையில் கிடைத்தாலும் "வித்தா எவ்வளவு வரும்?" என்பதே முதல் கேள்வியாகிவிட்டது.

2014-இன் ஐந்தாம் பதிப்பு அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது. அரிய பொருள் 501 முதல் 5,000 காசு வரை என்பதுபோல் ஒரு வரம்பு மட்டுமே தந்தது. கடை உண்டா இல்லையா என்பது கதை நடத்துபவரின் முடிவு. 2017-இல் வந்த துணைநூல், வாங்க நினைப்பவர் ஒரு வாரம் அலைய வேண்டும், குறைந்தது 100 காசு செலவழிக்க வேண்டும் என்றது. அப்படியும் கிடைத்தது போலியாக இருக்கலாம்!

நம் பிள்ளைகளுக்கு மூன்று யோசனைகள் சொல்கிறேன். காயம் ஆற்றும் மருந்து போன்ற சிறு பொருள்களைக் கடையில் வாங்கட்டும். அதற்கு விதிநூலிலேயே 50 காசு என்று விலை இருக்கிறது. பெரிய பொருள் வேண்டுமென்றால் கதைக்குள் தேடிப் போகட்டும். சேர்ந்து வென்றதை எல்லோரும் சம்மதித்தால் மட்டுமே விற்கட்டும். நம் பிளாக் ஜெனரேட்டரை ஒரு வீட்டுக்காரர் மட்டும் விற்றுவிட முடியுமா?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தீர்ப்பு சொல்லப் போகாதீர்கள். அடுத்த ஆட்டத்தில் முதல் பகடை உருளும் முன், இந்த மூன்றையும் அவர்களே பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வராமல் நின்ற இருவரையும் அதற்கு அழைக்கச் சொல்லுங்கள்.