எஞ்சியதிலிருந்து தொடங்குதல்



காயமுற்ற தண்டுவடம் முறிந்த எலும்புபோல் மீண்டும் கூடுவதில்லை. காயத்திற்குக் கீழே அசைவும் உணர்வும் குறையும், அல்லது அறவே மறையும். சிறுநீரும் மலமும் கட்டுக்குள் நில்லா. ஊரார் காண்பது அசையாத கால்களை மட்டுமே. உணர்வற்ற இடத்தில் வரும் படுக்கைப் புண், கவனியாது விட்டால் உயிரையே வாங்கும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் இந்நிலையுற்றார். அவருக்குக் கைகள் எஞ்சின. மருத்துவர் பால் பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். 1966இல் மறுவாழ்வு நிலையமும் எழுந்தது.

ஆக்குபேஷனல் தெரபி எனும் தொழில்வழிச் சிகிச்சையும் எஞ்சியதிலிருந்தே தொடங்குகிறது. உடுத்தல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், கையூன்றி அடிக்கடி உடலைத் தூக்கிப் புண் வாராமற் காத்தல், உட்கார்ந்தே சமைத்தல் ஆகியனவே அதன் பாடம். கழுத்தருகே காயமுற்றவர்க்கு ஒரு பொத்தானை மாட்டவே கால்மணி ஆகலாம். அருகிலிருப்போர் பொறாமல் தாமே மாட்டிவிடுவர். அன்புதான்; ஆயினும் அன்றைய பயிற்சி கெட்டது. அவ்வன்பு வாயிற்படியில் ஒரு சாய்தளம் கட்டட்டும். சக்கர நாற்காலி நுழையுமளவு குளியலறைக் கதவை அகலமாக்கட்டும்.