வாயில்லா உயிர்களும் நமது மறுமைக் கணக்கும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



அம்பத்தூரில் நமது மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர், சுப்ஹுத் தொழுகைக்குப் பின் ஒரு மனுவோடு என்னிடம் வந்தார். மதரஸாவுக்கு வரும் பிள்ளைகளைத் தெருநாய்கள் துரத்துகின்றன. அவை அனைத்தையும் பிடித்துச் சென்று ஒழித்துவிட வேண்டும் என்பது மனுவின் சாரம். “ஹஜ்ரத், முதல் கையெழுத்து நீங்கள்தான் போட வேண்டும்” என்றார். அவருடைய அச்சம் நியாயமானது. வெறிநோய் முற்றிய பின் அதற்கு மருந்தில்லை. ஆயினும் பேனா பிடித்த கை தயங்கியது. ‘ஒழித்துவிட வேண்டும்’ என்ற அந்தச் சொல்லுக்கு நாளை அல்லாஹ்விடம் பதில் கூற வேண்டுமே!

மார்க்கம் கூறுவது என்ன?

நாயின் எச்சில் அசுத்தமானது. வேட்டை, கால்நடை, பயிர்க்காவல் போன்ற தேவையின்றி அதனை வளர்ப்பது நன்மைகளைக் குறைக்கும். இவற்றை நாம் அறிவோம். ஆனால் அசுத்தம் என்பது வேறு; அநீதி இழைக்கலாம் என்பது வேறு. பூமியிலுள்ள பிராணிகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்கிறது திருக்குர்ஆன் (6:38). தாகத்தால் தவித்த நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது. பூனையை அடைத்து வைத்து, உணவும் தராமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்தாள். இவை இரண்டும் புகாரியில் பதிவானவை. கடித்துக் குதறும் நாயைக் கொல்ல அனுமதி உண்டு. அது தீங்கை நீக்குவதற்காக மட்டுமே.

கொன்றதால் குறைந்ததா?

1910இல் இஸ்தான்பூல் நகரின் பல்லாயிரம் நாய்களைப் பிடித்து, நீரற்ற ஒரு தீவில் விட்டார்கள். அவை பசியாலும் தாகத்தாலும் மாண்டன. நாய்களோ அந்நகரை விட்டு அகலவில்லை. நமது சென்னை மாநகராட்சியும் பல்லாண்டுகள் நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றது. குப்பையில் உணவு இருந்தவரை, செத்தவற்றின் இடத்தை வேறு நாய்கள் பிடித்தன. புளூ கிராஸ் அமைப்பு 1964 முதல் வலியுறுத்தி வந்த கருத்தடை முறையை, 1996இல்தான் மாநகராட்சி ஏற்றது.

‘கொல்ல வேண்டாம், காப்பகத்தில் அடைக்கலாமே’ என்பர் சிலர். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் உள்ளன. இத்தனைக்கும் தீனியும் இடமும் மருத்துவமும் யார் தருவது? நெரிசலில் தொற்றுநோய் பரவும். பூனையை அடைத்தவளின் கதையே நம் கதையாகும். அமெரிக்காவில் காப்பகங்களில் இடமில்லை என்பதற்காகவே நோயற்ற நாய்களும் ஊசி போட்டுக் கொல்லப்படுகின்றன. எனினும் 1970களோடு ஒப்பிட்டால் அக்கொலைகள் அங்கே பன்மடங்கு குறைந்துள்ளன. குட்டிகள் பிறப்பதைக் கருத்தடையால் குறைத்ததும், காப்பக நாய்களை மக்கள் எடுத்து வளர்த்ததுமே அதற்கு முக்கியக் காரணங்கள்.

நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு விதிகள், தீராத நோயுற்ற அல்லது பிழைக்க இயலாதபடி காயமுற்ற நாயை மட்டுமே, மருத்துவர் வழியாக வேதனையின்றி உயிர்நீக்க அனுமதிக்கின்றன. அறுக்கும்போதும் கத்தியைத் தீட்டி, பிராணிக்கு வேதனையைக் குறைக்கக் கற்பித்த நபியின் உம்மத்துக்கு இது புதிதன்று.

நமது கடமைகள்

ஒன்று: கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் நாய் பிடிக்கும் வண்டி வரும்போது ஒத்துழையுங்கள், 1913 என்ற மாநகராட்சி எண்ணில் நீங்களே அழையுங்கள். தீங்கைத் தடுக்கப் பிராணிகளுக்குக் கருத்தடை செய்வது ஹனஃபி நூல்களில் அனுமதிக்கப்பட்டுள்ளது. ஷாஃபிஈ மத்ஹபில் கட்டுப்பாடு அதிகம். எனினும் இக்காலத்து ஆலிம்கள் பலர் தேவை கருதி இதனை அனுமதிக்கின்றனர்.

இரண்டு: இறைச்சிக் கழிவையும் குர்பானிக் கழிவையும் தெருமுனையில் கொட்டாதீர்கள். நாய்க்கூட்டத்தை அழைத்து வருவது நாம் கொட்டும் கழிவே.

மூன்று: தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருப்போருக்குக் காவல்நாய் தேவையானால், விலைக்கு வாங்காமல் காப்பகத்திலிருந்து ஒன்றை எடுத்து வாருங்கள். தடுப்பூசியும் கருத்தடையும் செய்யுங்கள். முதுமை வந்ததும் தெருவில் விரட்டிவிடாதீர்கள்.

நான்கு: கல்லெறிய வேண்டாம் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். நாய் கடித்தால் உடனே சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தடுப்பூசியை இறுதித் தவணை வரை போடுங்கள்.

அந்தச் சகோதரரிடம் மனுவைத் திருத்தி எழுதும்படி கூறினேன். ‘ஒழிக்க வேண்டும்’ என்ற இடத்தில், ‘எங்கள் தெரு நாய்கள் அனைத்துக்கும் கருத்தடையும் தடுப்பூசியும் செய்ய வேண்டும், வெறிபிடித்தவற்றை உடனே அகற்ற வேண்டும், குப்பையை நாள்தோறும் அள்ள வேண்டும்’ என்று எழுதினோம். முதல் கையெழுத்தை நானே இட்டேன்.

நம் பிள்ளைகளையும் பாதுகாத்து, வாயில்லா உயிர்களுக்கும் அநீதி செய்யாத நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.