மஞ்சள் கரிசாலைக்கு ஒரு சாண் இடம்



நம்மில் பாதிப்பேர் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கித்தான் இங்கே வந்திருப்போம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது தூய வளனார் கல்லூரி. அதற்குள் இராபினாட் தாவரத் தொகுப்பகம் என்று ஒன்று உண்டு. 1967-இல் அருட்தந்தை கே. எம். மாத்யூ தொடங்கியது. காடுமேடெல்லாம் அலைந்து, செடிகளைச் சேகரித்து, காயவைத்து, தாளில் ஒட்டி, நம் பகுதித் தாவரங்களுக்குப் பெருநூலே எழுதி வைத்தார் அவர். ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு ஓடுகிற நமக்கு அந்த வாசல் கண்ணில் படுவதே இல்லை என்பது என் மனக்குறை.

அந்த வாசலைப் போலவே நம் கண்ணில் படாமல் போகிற மஞ்சள் கரிசாலையைப் பற்றித்தான் நான் பேச வந்தது. வாய்க்கால் கரையில், ஈர வரப்பில் படர்கிற கொடி. சித்த வைத்தியர்கள் பொற்றலைக் கையாந்தகரை என்பார்கள். வள்ளலார் அன்றாடம் உண்ணச் சொன்ன கீரைகளில் கரிசாலைக்குத்தான் முதல் மரியாதை. ஒரு பூவைக் கிள்ளிக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். பூ என்று நாம் நினைப்பது ஒரு பூவே அல்ல. நடுவில் நெருக்கியடித்து நிற்பவை சின்னஞ்சிறு குழல்பூக்கள்; சுற்றிலும் இதழ் மாதிரித் தெரிகிற ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. சூரியகாந்திக் குடும்பத்தின் கூட்டுக்குடித்தனம் அது!

அறிவியலும் இதை விட்டுவைக்கவில்லை. 1956-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் டி. ஆர். கோவிந்தாச்சாரி குழுவினர் இதன் வேதிப்பொருளான வெடலோலாக்டோனின் கட்டமைப்பைக் கண்டு சொன்னார்கள். கல்லீரல் ஆய்வுகளில் இன்றும் அடிபடுகிற பெயர் அது.

இத்தனை பெருமை இருந்தும், அழகுக்காக நாம் வாங்கி நடுவது இதன் அமெரிக்கப் பங்காளியை. நடு அமெரிக்கா, கரீபியன் பக்கத்துச் செடி. பூ ஏறக்குறைய அதே மஞ்சள். விதையே தேவையில்லை, வெட்டிப்போட்ட துண்டு ஈர மண்ணைத் தொட்டால் வேர்விட்டு, தரையை மூடி, மற்ற செடிகளை எழவிடாது. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. அதைக் களைந்து வாய்க்காலில் வீசுகிறவர்கள், தண்ணீர் போகிற ஊருக்கெல்லாம் அனுப்பி வைக்கிறார்கள்.

அடையாளம் சொல்கிறேன், தாய்மார்கள் கவனியுங்கள். அந்நியச் செடியின் இலை அகன்று பளபளக்கும். பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். நம் கரிசாலையின் இலை ஒடுங்கி நீண்டது. விரலால் தடவினால் சொரசொரக்கும். தெரியாத செடியைப் பூ மஞ்சள் என்பதற்காகக் கீரையென்று பறித்துவிடாதீர்கள்.

வாசலருகே மேசையில் நம் கரிசாலைத் தண்டுகளை ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கணு மண்ணுக்குள் இருக்கும்படி தொட்டியில் படுக்கவைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும், பிடித்துக்கொள்ளும். ஸ்ரீரங்கம் போகிறவர்கள் பையில் வையுங்கள், பஸ் கூட்டத்தில் கசங்கிவிடப் போகிறது.